இன்னும் ஒண்ணு இருக்கு

கருநாக்காம் எனக்கு. சௌந்தரம் அத்தை அப்படித்தான் சொல்லுது, என் காதுல விழணும்னே கொஞ்சம் சத்தமா, பக்கத்துல உக்காந்திருக்கிற முன்பின் தெரியாத ஒரு அம்மாகிட்ட. சின்ன வயசுலேருந்தே அவளுக்கு அந்த வாய்தாங்க, வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச நேரத்துல சாவு சாவும்பா, இப்ப பாருங்க. அந்த அம்மாவும் திரும்பி என் வாயையே பார்க்குறாங்க, நாக்கை நீட்டச் சொல்லிடுவாங்களோன்னு இருக்கு. நீட்டிக் காட்டிடலாம். காலைலேருந்து ஒரு வாய் காபி கூட இறங்கல, வெளுத்துப்போய்த்தான் கிடக்கும். அந்த ரெட்டைக் கதவுக்குப் பின்னாடி என் அண்ணன் உதயசங்கருக்கு மணிக்கட்டு வழியா கம்பி விட்டு நெஞ்சுல அடைப்பை எடுத்துக்கிட்டிருக்காங்க. கதவுக்கு இந்தப் பக்கம் அவன் பொண்டாட்டி அனுசுயா அண்ணி, கதவைப் பார்த்த மேனிக்கு, என்னைப் பார்க்காத மேனிக்கு. அவங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு நாற்காலி காலி. காலி இல்ல, அண்ணி தன் கைப்பையை அதுல வச்சிருக்காங்க, நான் தள்ளி உக்காரணும்னு. நான் வசுமதி, அவன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி, நாப்பத்திமூணு வயசு, மடியில ஒரு பாலித்தீன் கவர்ல அவன் செருப்பு, பெல்ட்டு, வாட்ச்சு. கையில போன். போன்ல கேம். அதுதான் இந்த வரிசையில உக்காந்திருக்கிற அத்தனை பேருக்கும் பொறுக்கல.

ஆமா, ஆடிக்கிட்டிருக்கேன். கலர் கலரா கட்டம் விழும், ஒரே கலரை ஒண்ணு சேர்த்தா உடையும், அவ்வளவுதான், மூளையே வேண்டாம், கட்டை விரல் போதும். விரல் சும்மா இருக்க மாட்டேங்குது, அதுக்காக ஆடுறேன். இதை யார்கிட்ட போய் விளக்குறது. எதிர்ல ஒரு பெரியவர், யாருக்காக வந்திருக்காரோ பாவம், போன்ல கிரிக்கெட்டை முழுச் சத்தத்துல வச்சிருக்காரு, சிக்ஸர் அடிச்சா தொடையைத் தட்டுறாரு, அவரை ஒருத்தரும் முறைக்கல. மூலையில ஒரு பொண்ணு சுப்ரபாதம் வச்சிருக்கு, அதுக்கு மேல சீரியல் ஓடுது டிவில, ஒரு மாமியார் ஒரு மருமகளுக்குப் பால்ல என்னமோ கலக்குறா, அதை எல்லாரும் வாயைப் பொளந்து பார்க்குறாங்க. நான் சத்தமே இல்லாம, ஒரு மூலையில, விரலை அசைச்சா மட்டும் குத்தம். இதே அத்தை வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழுக்க பரமபதம் ஆடும். தாயக்கட்டையை உருட்டி உருட்டி, பாம்பு கொத்திடுச்சுடி, போச்சுடி, மறுபடி கீழேருந்து வரணும்டின்னு, பல்லு போன வாயால சிரிச்சுக்கிட்டு. அது புண்ணியம். அதுல சொர்க்கம் இருக்கு. நான் ஆடினா, கழுதை வயசாச்சு, கல்யாணமும் இல்ல காட்சியும் இல்ல, இன்னும் கேம் ஆடிக்கிட்டு. எனக்கு வந்த மாப்பிள்ளைங்க ரெண்டு பேர் வேண்டாம்னு போனதும் இந்த கேமாலதான்னு அத்தை இன்னிக்கும் சொல்லும். அவங்களை வேண்டாம்னு சொன்னதே நான்தான்ங்கிறது அத்தைக்கு ஞாபகமே வராது. நெஞ்சுல கட்டம் கட்டமா என்னமோ விழுது. ஒரே கலர் சேர மாட்டேங்குது.

காலைல போன் வந்துச்சு. அவன் பேர்தான் வந்துச்சு, உதயான்னு. ஞாயித்துக்கிழமை, வழக்கமா அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவான், எத்தனை மணிக்கு வர்ற, புது லெவல் திறந்துட்டேன், நீ இல்லாம தொட மாட்டேன், வரும்போது அந்த உப்புக்கடலை வாங்கிட்டு வான்னு. எடுத்தேன். எடுத்ததும் எப்பவும் கேக்குறதைக் கேட்டேன். என்னடா, செத்துட்டியா. முப்பது வருஷமா அப்படித்தான் கேக்குறேன், மத்தவங்க ஹலோங்கிறாங்க, நான் இப்படி, அதுல என்ன. அந்தப் பக்கம் சத்தம் இல்ல. வண்டி ஓடுற சத்தம் மட்டும். அப்புறம் அண்ணி குரல். வசு, அவருக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். அவ்வளவுதான். கட் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அண்ணி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இங்க வந்து சேர்ந்ததும் அண்ணின்னு கையைப் பிடிச்சேன், மெதுவா விலக்கிக்கிட்டாங்க, செருப்புக் கவரை மட்டும் கொடுத்தாங்க. அத்தைதான் மிச்சத்தைச் சொல்லுச்சு, ருசிச்சு ருசிச்சு. போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம்டி. முன் சீட்டுல நானு, பின் சீட்டுல அவ மடியில அவன் தலை. நீ கேட்டது அவன் காதுலயும் நல்லா விழுந்துச்சு. கேட்டுட்டுக் கண்ணை மூடிட்டான்.

கண்ணை மூடிட்டானாம். எப்படி மூடினான்னு கேக்கணும் எனக்கு. வலியில மூடினானா, அசதியில மூடினானா, இவ இப்படிக் கேட்டுட்டாளேன்னு மூடினானா. அத்தைகிட்ட அதெல்லாம் கேக்க முடியுமா. அத்தைக்குக் கண்ணை மூடினான்னா மூடினான், அவ்வளவுதான், அதுல ஒரு திருப்தி. நான் கேட்ட கேள்வி அவனுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு, இப்ப அவங்க கம்பியை விட்டு எடுக்கிறது அதைத்தான், இப்படி ஒரு கிறுக்குத்தனமான எண்ணம் வேற எனக்கு வருது. வரக்கூடாது. எனக்குக் கோவந்தான் வரணும். நான் என்ன சாபமா விட்டேன். அந்தக் கேள்விக்கு அவன்கிட்ட ஒரு பதில் இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். அதைக் கேக்கத்தான் கேள்வியே. பதில் இல்லாம கேள்வி மட்டும் தனியா ஸ்பீக்கர்ல போய் விழுந்தா அது எப்படி இருக்கும்னு நான் கண்டேனா.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா ஒர்க் ஷாப்ல. சித்தப்பா சிங்கப்பூர்லேருந்து கொண்டு வந்த டிவி கேம், வெள்ளையும் செவப்புமா ஒரு டப்பா, மஞ்சக் கலர் கேசட்டு, ரெண்டு ரிமோட்டு. முதல் ரிமோட்டு அண்ணனுக்கு. ஏன்னு கேட்டா அவன் மூத்தவன், ஆம்பளை, அதுக்கு மேல கேள்வி இல்ல. எனக்கு ரெண்டாவது. குதிச்சுக் குதிச்சுக் காசு பொறுக்கிற ஆட்டம் ஒண்ணு இருந்துச்சு, அதுல ரெண்டு பேரும் சேர்ந்து ஆட முடியாது. அவன் ஆடுவான். மூணு உயிரும் தீர்ந்து அவன் செத்தாத்தான் என் முறை. அவன் சீக்கிரம் சாகவும் மாட்டான். சரியா அந்த நேரத்துக்கு அடுப்படியிலேருந்து கூப்பிடுவாங்க, வசு, பாத்திரத்தைத் தேய்ச்சு வை, வசு, தேங்காயைத் துருவு. அவனைக் கூப்பிட மாட்டாங்க. நான் சாம்பல் கையோட அங்கேருந்தே கத்துவேன், டேய், செத்துட்டியா? அவன் இங்கேருந்து கத்துவான், இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி, செத்துட்டியா? இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல அத்தை எங்க வீட்டுலதான் இருந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை, குத்துவிளக்கு ஏத்தி வச்சிருக்கு, நான் கத்தினேன், சீக்கிரம் சாவேன்டா, நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறதுன்னு. பளார்னு விழுந்துச்சு. கூடப்பிறந்தவனைப் பார்த்துப் பேசுற பேச்சாடி இது. எனக்கு அழுகை வரல, கோவம் வந்துச்சு. அவன் எத்தனை பேரை மிதிச்சுக் கொன்னுக்கிட்டிருக்கான் டிவிக்குள்ள, அதை யாரும் ஒண்ணும் சொல்லல, என் முறை எப்ப வரும்னு கேட்டதுக்கு எனக்கு அடி. அன்னிக்கு வச்ச பேருதான் கருநாக்கு.

அப்பாவுக்கு அந்தக் கேமே பிடிக்காது. ஒர்க் ஷாப் சங்கு ஊதினா ஓட்டம்தான், ஒயரைப் பிடுங்கு, டப்பாவைக் கட்டிலுக்கு அடியில தள்ளு, கணக்குப் புத்தகத்தை எடு. அப்பா உள்ள வந்ததும் சட்டையைக் கூடக் கழட்டாம நேரா டிவிக்குப் பின்னாடி போய் அதோட முதுகைத் தொட்டுப் பார்ப்பாரு. சூடா இருந்தா தீர்ந்துச்சு. அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சோம், ஈரத்துண்டைப் போட்டு விசிறியால விசிறுறது. விசிறுறது நான். அவன் புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் படிக்கிற மாதிரி உக்காந்துடுவான். ஒரு தடவை துண்டை எடுக்க மறந்துட்டேன், அப்பா வந்து பார்த்தா டிவிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி நெத்தியில ஈரத்துணி. அப்பாவே சிரிச்சுட்டாரு. சிரிச்சுட்டு அப்புறம் அடிச்சாரு, என்னைத்தான். இப்ப நெனச்சாலும் எரியுது. எல்லாத்துலயும் இப்படித்தான், அவன் முன்னாடி, நான் பின்னாடி விசிறிக்கிட்டு. இந்தக் கதவுக்கு வெளியில ஏசி வேற இப்படிக் குளிருது, உள்ள அவனுக்குப் போர்வை கொடுத்தாங்களோ இல்லையோ, அவனுக்குக் குளிரு ஆகாது.

ரெண்டு பேரும் ஒண்ணா ஆடுற கேசட்டு அப்புறம் வந்துச்சு. ரெண்டு சிப்பாய்ங்க, அவன் நீலம், நான் செவப்பு. சுட்டுக்கிட்டே ஓடணும். ஆளுக்கு மூணு உயிரு. அதுல ஒரு அருவி லெவல் உண்டு, கல்லு கல்லாத் தாவி மேல ஏறணும். ஒருத்தன் மேல போனா படமும் மேல போகும், கீழ நிக்கிறவ படத்துக்கு வெளியே விழுந்து செத்துடுவா. எதிரி சுடவே வேண்டாம். அண்ணன் அவசரப்பட்டா போதும். நிதானமாப் போடா, நான் இன்னும் இந்தக் கல்லுல நிக்கிறேன்டாம்பேன். அவன் காதுல ஏறாது, மேல என்ன இருக்குன்னு பார்க்கணும் அவனுக்கு. தாவுவான். நான் சாவேன். ஐயய்யோ, நீ அங்கயா நின்னன்னு கேப்பான், ஒண்ணும் தெரியாதவன் மாதிரி. இன்னொரு அநியாயம் இருக்கு. நான் பார்த்துப் பார்த்து ஆடுவேன், குண்டு வந்தா படுத்துக்குவேன், என் உயிரு அப்படியே இருக்கும். அவன் தாட்பூட்னு ஓடி மூணையும் தொலைச்சுடுவான். தொலைச்சுட்டு, அவன் ரிமோட்டுல ஏ பட்டனை அமுக்குவான். அமுக்கினா என் கணக்குலேருந்து ஒரு உயிரு அவனுக்குப் போயிடும். அந்த ஆட்டத்துல அப்படி ஒரு வசதி. எவன் கண்டுபிடிச்சானோ, அவனுக்கும் ஒரு தங்கச்சி இருந்திருப்பா. கேக்கவே மாட்டான். நான் சுட்டுக்கிட்டே இருப்பேன், திடீர்னு பக்கத்துல நீலச் சட்டை மறுபடி குதிச்சு வரும், மேல பார்த்தா எனக்கு ஒண்ணு கொறைஞ்சிருக்கும். டேய், கேட்டுட்டு எடுடா. அதுக்கு எங்க நேரம்பான். கேட்டா நான் கொடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு தடவை கூட மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும், தெரிஞ்சே கேக்காம எடுப்பான்.

யாரோ வெளிய வர்றாங்க. பச்சை டிரஸ், ஒரு பையன், டிரேயில என்னமோ மூடி எடுத்துட்டுப் போறான். அண்ணி எழுந்துட்டாங்க. அவன் எங்களைப் பார்க்கவே இல்ல. அண்ணி மறுபடி உக்கார்றாங்க, புடவை நுனியை விரல்ல சுத்திச் சுத்தி அவிழ்க்கிறாங்க. அவங்க கட்டை விரலும் சும்மா இருக்க மாட்டேங்குது, ஆனா அதை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்கு அவங்க மேலயும் கோவம். ஒரு திட்டு திட்டிடலாம் இல்ல என்னை. வாயில வசம்பு வச்சுத் தேய்க்கணும்டி உனக்குன்னு அத்தை மாதிரி நாலு வார்த்தை விட்டா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன், அழுதுடுவேன், முடிஞ்சுடும். இப்படிப் பையை நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்தா நான் எங்க போவேன். என் அண்ணன் உங்க புருஷனாகிறதுக்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடி எனக்கு அண்ணன். இதையும் சொல்லக் கூடாது. வாயைத் திறந்தாலே கருநாக்கு.

வாயைத் திறக்காம ஆடவும் பழகினவதான் நான். காலேஜ் முடிச்ச காலத்துல தில்லை நகர்ல ஒரு பிரவுசிங் சென்டர், பத்து கம்ப்யூட்டரை ஒயர் போட்டு இணைச்சு பசங்க ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்கிட்டு ஆடுவானுங்க. நான் உள்ள போனா, கல்லாவுல இருக்கிறவன், அக்கா, பிரிண்ட் எடுக்கணுமாம்பான். ஆடணும்னேன். ஒரு மாதிரி சிரிச்சான், சிரிச்சுட்டு, பசங்க கெட்ட வார்த்தை பேசுவாங்கக்கா, உங்களுக்குச் சரிப்படாதுன்னான். என்னமோ அவனுங்க வாய்க்கு நான் பொறுப்பு மாதிரி. அப்புறம் வீட்டுக்கே நெட்டு வந்துச்சு, முகம் தெரியாத ஆளுங்களோட சேர்ந்து குழுவா ஆடுறது. ஒரு தடவை மைக்கை ஆன் பண்ணி, இடது பக்கம் ரெண்டு பேர் வர்றாங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கப்புறம் ஆட்டம் ஆடல எவனும். கல்யாணம் ஆயிடுச்சாங்கிறான் ஒருத்தன், போய்த் தோசை சுடுங்கிறான் இன்னொருத்தன், மூணாவது ஒருத்தன் சொன்னதை இங்க நெனச்சுப் பார்க்கக் கூட மாட்டேன். எடுத்துக் கடாசினேன் மைக்கை. அன்னிலேருந்து நான் பேசுறதில்ல. உதயா என்ன பண்ணான் தெரியுமா, எனக்காக சண்டை போடுவான்னு பார்த்தா, எல்லார்கிட்டயும், அது என் தம்பிடா, பிறவி ஊமைன்னுட்டான். எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. ஆனா ஒண்ணு, ஊமைத் தம்பிக்கு இருந்த மரியாதை இருக்கே. தம்பி செமையா சுடுறான்டா, தம்பியை எங்க டீமுக்கு அனுப்புடான்னு கெஞ்சுவானுங்க. அவன் பெருமையா, அனுப்ப மாட்டேன், அவன் என் கூடத்தான் வருவாம்பான். பத்து வருஷம் அவனுக்குத் தம்பியா இருந்திருக்கேன். ஒரு நாளாவது, அது என் தங்கச்சின்னு சொல்லியிருக்கலாம் இல்ல. வரட்டும் வெளிய, கேக்குறேன்.

வரட்டும் வெளிய. வருவான். ஒரு வாரமா நெஞ்சுல எரிச்சலாம். கேஸ்னு சோடா வாங்கிக் குடிச்சிருக்கான், கலர் சோடா, பன்னீர் சோடா. இஞ்சி தட்டிக் கொடுத்தேன்னு அத்தை வேற பெருமையா சொல்லுது. போன ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல உக்காந்து ஆடும்போது கூட நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டான், என்னடான்னேன், அண்ணி போட்ட பஜ்ஜின்னான். டாக்டரைப் பாருடான்னேன். பார்க்கலாம் பார்க்கலாம், முதல்ல இந்தப் பாலத்தைத் தாண்டு. எப்பப் பாரு பாலத்தைத் தாண்டு, கோட்டையைப் பிடி, மேல தாவு. இன்னும் ஒண்ணு இருக்குன்னு ஒரு தைரியம். வேலை போனப்பவும் அதைத்தான் சொன்னான். நான் போன் பண்ணி, என்னடா, செத்துட்டியாங்கிறேன், அழுதுக்கிட்டிருந்தவன் மூக்கை உறிஞ்சிட்டு, இல்ல, இன்னும் ஒண்ணு இருக்குங்கிறான். அப்பா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிச்சு எல்லாரும் ஊருக்குக் கிளம்பின பிறகு, மொட்டைத் தலையோட மாடிப்படியில உக்காந்திருந்தான். யாரும் இல்லாதப்ப பக்கத்துல போய் உக்காந்து மெதுவாக் கேட்டேன். அவன் என் தோள்ல தலையைச் சாய்ச்சு அதையேதான் சொன்னான். அத்தைக்கு இதெல்லாம் தெரியுமா. சாவுங்கிற வார்த்தை வீட்டுல வரக்கூடாதாம். வராமலா இருந்துச்சு. அதைப் பொத்திப் பொத்தி வச்ச வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேர் மட்டும் அதை நடுக்கூடத்துல போட்டு மிதிச்சு விளையாடினோம், அதனால எங்களுக்கு அது மேல கொஞ்சம் பயம் குறைஞ்சு இருந்துச்சு. இன்னிக்குத்தான் அது திரும்பி என்னைப் பார்க்குது. எனக்கு பயமா இருக்கு. சொல்லிட்டேன். கோவம் கோவம்னு எவ்வளவு நேரம்தான் வீறாப்பா உக்காந்திருக்கிறது. அவன் கடைசியாக் கேட்டது என் குரலா இருந்து, அது அந்தக் கேள்வியா இருந்து, அவன் பதில் சொல்லாமலே போயிட்டான்னா நான் இந்த வாயை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன். போன்ல கட்டம் மேல வரைக்கும் ரொம்பிடுச்சு. ஆட்டம் முடிந்தது, மறுபடி ஆடுகிறீர்களான்னு கேக்குது. அமுக்க விரல் வரல. அப்படியே கவுத்து வச்சுட்டேன்.

கதவு ரெண்டும் திறக்குது. இந்தத் தடவை டாக்டரே, முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிக்கிட்டு, உதயசங்கர் அட்டெண்டர் யாருங்கன்னு. அண்ணி எழுந்து போறாங்க, அத்தை போகுது, நான் செருப்புக் கவரோட பின்னாடி. பெரிய அடைப்பும்மா, எடுத்து ஸ்டென்ட் வச்சாச்சு. நடுவுல ஒரு தடவை ஹார்ட் நின்னுடுச்சு, கொஞ்ச நேரம்தான், ஷாக் கொடுத்துக் கொண்டு வந்துட்டோம். இப்ப நல்லா முழிச்சிருக்காரு, ஐசியூவுக்கு மாத்தப் போறோம், போற வழியில ஒரு நிமிஷம் பார்த்துக்கங்க, பேச்சுக் கொடுக்காதீங்க. நின்னுடுச்சுங்கிற வார்த்தைக்கு அப்புறம் எனக்கு மிச்சமெல்லாம் தூரத்துல கேக்குது. அண்ணி சுவரைப் பிடிச்சுக்கிட்டாங்க. அத்தை, சமயபுரத்தாளேன்னு கன்னத்துல போட்டுக்கிட்டே ஒரு கண்ணால என்னைப் பார்க்குது. பார்த்தியான்னு கேக்குற பார்வை.

தள்ளுவண்டி வருது. அவ்வளவு நீளமா இருக்கான் அவன், எனக்குத் தெரியவே இல்ல. பச்சைப் போர்வை, அதுக்கு மேல முகம், சவரம் பண்ணாத முகம், உதடு காஞ்சு வெடிச்சு. கண்ணு திறந்திருக்கு. அண்ணி குனிஞ்சு அவன் நெத்தியைத் தொடுறாங்க, என்னங்கன்னு மட்டும்தான் வருது அவங்களுக்கு. அவன் அவங்களைப் பார்த்துத் தலையை லேசா ஆட்டுறான். அத்தை திருநீறு வைக்குது. நான் கால்மாட்டுலயே நிக்கிறேன், வாயை இறுக்கி மூடிக்கிட்டு. ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நல்லா இருக்கியான்னு கூடக் கேக்க மாட்டேன், எதையும் கேக்க மாட்டேன். அவன் கண்ணு அண்ணியைத் தாண்டி, அத்தையைத் தாண்டி, சுத்தி வந்து என் மேல நிக்குது. உதடு அசையுது. வசு, உன்னைத்தான்னு அண்ணி சொல்றாங்க. காலைலேருந்து முதல் வார்த்தை. கிட்டப் போறேன்.

"காலைல என்னமோ கேட்டியே."

"நான் ஒண்ணும் கேக்கல. பேசாம படு."

"கேட்ட. ஸ்பீக்கர்ல இருந்துச்சு. பதில் சொல்ல மூச்சு வரல." கண்ணை மூடித் திறக்குறான். அத்தை சொன்ன மாதிரியா மூடினான், இல்ல, இவன் சிரிப்பை அடக்கும்போது மூடுவானே, அப்படி. வலது மணிக்கட்டுல இறுக்கமா ஒரு பட்டை கட்டியிருக்காங்க, கையை அசைக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிக்கிட்டே வர்றாங்க. கையை அசைக்கல அவன். கட்டை விரல் மட்டும், அந்தப் போர்வை மேல, இல்லாத ஒரு பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்குது.

"எனக்குத் தீர்ந்துடுச்சு வசு. உன்னோடதுலேருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."

வண்டியைத் தள்ளுறாங்க. லிஃப்ட் கதவு மூடுற வரைக்கும் நான் அங்கயே நிக்கிறேன், அவன் செருப்பை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மூக்கு ஒழுகுது, கண்ணு ஒழுகுது, அவ்வளவு கோவம் வருது எனக்கு. என்னத்தடீ எடுத்துக்கிட்டேங்கிறான், எதைடீ எடுத்தான்னு அத்தை என் தோளைப் பிடிச்சு உலுக்குது. அண்ணியும் என்னைத்தான் பார்க்குறாங்க, கைப்பையை நாற்காலியிலேருந்து எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு.

"கேக்கவே மாட்டேங்கிறான் அத்தை," சொல்றேன். "இத்தனை வயசாகியும், ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்க மாட்டேங்கிறான்."